கேரி கில்டால்

கேரி ஆர்லென் கில்டால் (மே 19, 1942 - ஜூலை 11, 1994) அமெரிக்கக் கணினி அறிவியலாளரும் மென்பொருள் தொழில் முனைவோரும் ஆவார். நுண்செயலிகளுக்கான முதல் உயர்நிலை நிரலாக்க மொழியான பிஎல்/எம் மொழியையும், தனியாள் கணினிகளில் முதன்முதலாகப் பரவலான வழக்குக்கு வந்த இயங்குதளமான சிபி/எம்மையும் உருவாக்கியவர் இவரே. தம் மனைவி டோரத்தி மெக்யூவனுடன் இணைந்து டிஜிட்டல் ரிசர்ச் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980களில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் கணினிச் செய்திகளையும் புதிய கருவிகளையும் அறிமுகப்படுத்திய நிகழ்ச்சியொன்றின் இணைத் தொகுப்பாளராகவும் விளங்கினார்.

ஐபிஎம் நிறுவனம் தேடி வந்தபோது விமானம் ஓட்டப் போய்விட்டு வாய்ப்பைத் தவறவிட்டவர் என்றே கில்டால் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். இது பாதி உண்மையே. ஒரு மென்பொருளின் நிரல் வரிகளைத் தொடாமல், அதன் கட்டளைகளையும் அழைப்பு முறைகளையும் மட்டும் பின்பற்றி இன்னொரு மென்பொருளை எழுதலாமா என்னும் கேள்வி அவருடைய வாழ்க்கையின் நடுவே நிற்கிறது. கட்டற்ற மென்பொருள்களை எழுதியோர் பிற்காலத்தில் நம்பியிருந்த உரிமையும் இதுவேயாதலால், அவருக்கு நேர்ந்தது அநீதியா, தொழில் வழக்கமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உள்ளது.

இளமையும் கல்வியும்

கில்டால் வாசிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் பிறந்தார். நார்வேயிலிருந்து குடியேறியோரின் வழிவந்த அவருடைய குடும்பம் அந்நகரில் கப்பலோட்டிகளுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தது. கப்பலின் இருப்பிடத்தைக் கணிக்கத் தேவையான கோணவியலை இளைஞரான கில்டால் அங்குக் கற்பித்தார். நீண்ட அட்டவணைகளைப் புரட்டிச் செய்யவேண்டிய இக்கணக்குகளைத் தானே செய்துதரும் கருவி ஒன்று வேண்டும் என்பது அவருடைய தந்தையின் விருப்பமாக இருந்தது. மகனுக்கு நுண்செயலிகளின் மேல் ஆர்வம் பிறந்ததற்கு இவ்விருப்பமும் ஒரு காரணம்.

கணித ஆசிரியராகும் எண்ணத்துடன் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், அங்கிருந்த கணினிகளால் ஈர்க்கப்பட்டுத் துறை மாறினார். வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாயப் படைச்சேவைக்கு உட்பட்ட அவர், கலிபோர்னியாவின் மொன்டெரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றி அக்கடமையை நிறைவேற்றினார். 1972 இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, மீண்டும் மொன்டெரேயில் கற்பித்தார்.

தொழிலதிபராக மட்டும் அறியப்படுவதால் அவருடைய ஆய்வுப் பணி பலருக்குத் தெரிவதில்லை. 1973 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, நிரல்பெயர்ப்பிகள் ஒரு நிரலைச் செம்மைப்படுத்தும் முறைக்குப் பொதுவான கணித அடிப்படையைத் தந்தது. நிரலின் கட்டளைகளை ஒரு வரைபடத்தின் கணுக்களாகக் கொண்டு, ஒவ்வொரு கணுவிலும் அறியக்கூடிய செய்தியை அடுத்த கணுவுக்குக் கடத்தி, இனி மாற்றமில்லை என்னும் நிலை வரும்வரை திரும்பத் திரும்பக் கணிப்பதே அம்முறையாகும். கில்டால் முறை என்னும் பெயரில் இது நிரல்பெயர்ப்பி பற்றிய பாடங்களில் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

நுண்செயலியும் பிஎல்/எம் மொழியும்

இன்டெல் நிறுவனம் 1971 இல் தன் முதல் நுண்செயலியான 4004ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. கில்டால் அதற்காகச் சோதனை நிரல்களை எழுதத் தொடங்கினார். கப்பலோட்டத்திற்குத் தேவையான கோணவியல் சார்புகளே அவர் முதலில் முயன்றவற்றுள் அடங்கும். ஒரே நேரத்தில் நான்கு இருமங்களை மட்டும் கையாளவல்ல அச்சில்லு இதற்குப் போதுமான வேகமுடையதாக இல்லை. எனினும் இம்முயற்சி அவரை இன்டெல் பொறியாளர்களிடம் கொண்டுசேர்த்தது. கல்லூரிப் பணி இல்லாத நாட்களில் அந்நிறுவனத்தின் ஆலோசகராகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் இன்டெல் நிறுவனமே நுண்செயலியைப் போக்குவரத்து விளக்கு, எடைப்பொறி போன்றவற்றின் உள்ளே வைக்கும் உதிரிப் பாகமாகத்தான் பெரிதும் கருதியது. அதற்கு நிரல் எழுத விரும்புவோர் பொறிமொழிக் குறிகளையே எழுத வேண்டியிருந்தது. கில்டால் 1973 இல் உருவாக்கிய பிஎல்/எம் இந்நிலையை மாற்றியது. இம்மொழியில் எழுதிய நிரலைப் பெரிய கணினியில் இயங்கும் நிரல்பெயர்ப்பி நுண்செயலிக்குரிய குறிகளாக மாற்றித் தந்தது.

சிபி/எம் இயங்குதளம்

பெரிய கணினியை நம்பியிராமல் நுண்செயலியின் மேலேயே நிரல் எழுத வேண்டுமானால், நிரல்களைச் சேமித்து உடனே திரும்ப எடுக்க ஒரு சாதனம் வேண்டும். அப்போது வழக்கிலிருந்த துளைநாடா மிகவும் மெதுவானது. சுகார்ட் நிறுவனத்திடமிருந்து எட்டு அங்குல நெகிழ்வட்டு இயக்கி ஒன்றைக் கில்டால் பெற்றார். ஆனால் அதை நுண்செயலியுடன் இணைக்கும் மின்சுற்று அவரிடம் இல்லை. பல்கலைக்கழக நண்பரான ஜான் டொரோட் அச்சுற்றை அமைத்துத் தந்த பிறகு, 1974 இல் பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில் சிபி/எம் முதன்முதலாக இயங்கியது. கில்டால் அதை இன்டெல்லிடம் காட்டினார். இன்டெல் பிஎல்/எம் மொழியை விற்க முன்வந்ததே தவிர, சிபி/எம்மில் அக்கறை காட்டவில்லை. கில்டாலின் முதல் வாய்ப்பும் இன்டெல்லின் பெரிய இழப்பும் இதுவெனலாம். இதே காலத்தில், காசு போட்டால் சோதிடப் பலன் அச்சிட்டுத் தரும் கருவி ஒன்றிற்கும் அவர் நிரல் எழுதினார். அக்கருவி விலைபோகவில்லை.

கில்டாலும் டோரத்தியும் தொடங்கிய நிறுவனத்தின் முதற்பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச் என்பதாகும். பின்னர் அது டிஜிட்டல் ரிசர்ச் எனச் சுருங்கியது. சிபி/எம் தொடக்கத்தில் ஆர்வலர் இதழில் விளம்பரம் செய்யப்பட்டுப் படியொன்று சுமார் 70 டாலருக்கு விற்கப்பட்டது. ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள பொறிகளுக்கு நடுவே இது எளிய விலை.

சிபி/எம் பரவியதற்கு விலையை விடவும் அதன் கட்டமைப்பே முதன்மைக் காரணம். அக்காலக் கணினிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை. ஒன்றின் வட்டு இயக்கி மற்றொன்றினதைப் போல் இராது. இம்சாய் நிறுவனம் தன் கணினிகளுக்காக சிபி/எம்மைக் கேட்டபோது, ஒவ்வொரு பொறிக்கும் முழு இயங்குதளத்தையும் திருத்துவதில் சலிப்புற்ற கில்டால், வன்பொருளைத் தொடும் சிறு பகுதியைத் தனியே பிரித்தெடுத்து அதற்கு பயாஸ் எனப் பெயரிட்டார். புதிய கணினியை உருவாக்குபவர் இச்சிறு பகுதியை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். எஞ்சிய இயங்குதளமும் அதன்மேல் இயங்கும் பயன்பாட்டு மென்பொருள்களும் பெரும்பாலும் மாற்றமின்றி ஓடின. பயன்பாட்டு நிரல் ஒன்று கோப்பைத் திறக்கவோ எழுத்தை அச்சிடவோ விரும்பினால், வேண்டிய பணியின் எண்ணைச் செயலியின் ஒரு பதிவகத்தில் இட்டு, நினைவகத்தின் ஐந்தாம் முகவரியை அழைக்க வேண்டும். எந்த எண் எப்பணியைச் செய்யும் என்பது கையேட்டில் அச்சிடப்பட்டு விற்கப்பட்டது. அதில் மறைபொருள் ஏதுமில்லை.

வேர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற புகழ்பெற்ற மென்பொருள்கள் இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தன. 1981 அளவில் சிபி/எம் சுமார் 3,000 கணினி மாதிரிகளில் இயங்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனமே அதற்கு உரிமம் பெற்று, ஆப்பிள் கணினியில் அதை இயக்க உதவும் மின்சுற்று அட்டையை 1980 இல் விற்றது. வட்டு இயக்கிகளை ஏ, பி என எழுத்தால் குறிப்பதும், எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்துப் பின்னொட்டும் கொண்ட கோப்புப் பெயர்களும் தனியாள் கணினிக்குச் சிபி/எம் வழியாகவே வந்து சேர்ந்தன. விண்டோசில் வட்டுப் பகுதி இன்றும் சி என்னும் எழுத்தால் குறிக்கப்படுவது இதன் எச்சமே.

இக்கூறுகள் அனைத்தும் கில்டாலின் கற்பனையில் மட்டும் பிறந்தவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கணினிகளில் அவர் பழகியிருந்தார். கோப்புகளைப் படியெடுக்கும் பிப் கட்டளை போன்ற சிலவற்றின் பெயர்களே அங்கிருந்து வந்தவை.

ஐபிஎம் வருகை

1980 இல் ஐபிஎம் தன் தனியாள் கணினிக்கு இயங்குதளம் தேடியபோது முதலில் மைக்ரோசாப்டை அணுகியது. அதனிடம் இயங்குதளம் இல்லாததால் பில் கேட்ஸ் அவர்களைக் கில்டாலிடம் அனுப்பினார். ஐபிஎம் குழு பசிபிக் குரோவ் வந்த காலையில், கில்டால் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆவணங்கள் கொடுக்கத் தம் விமானத்தில் சென்றிருந்தார். பொழுதுபோக்காக வானில் சுற்றிக்கொண்டிருந்தார் என்பது பின்னர் பரவிய கதையாகும். உரிமப் பேச்சுகளை வழக்கமாக நடத்திவந்த டோரத்தி, ஐபிஎம் நீட்டிய இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் வழக்கறிஞரின் ஆலோசனையின்றிக் கையெழுத்திடத் தயங்கினார். பிற்பகலில் திரும்பிவந்து ஐபிஎம் குழுவைச் சந்தித்ததாகக் கில்டால் கூறினார். அவரைச் சந்தித்ததாக நினைவில்லை என்று ஐபிஎம் தரப்பில் வந்தவர் கூறினார். எவ்வாறாயினும் உடன்பாடு ஏற்படவில்லை. மொத்தத் தொகை கொடுத்து முடித்துக்கொள்ள ஐபிஎம் விரும்பியதும், படி ஒன்றுக்கு இவ்வளவு எனப் பெறுவதே டிஜிட்டல் ரிசர்ச்சின் வழக்கமாக இருந்ததும் தடைகளுள் அடங்கும் எனக் கூறப்படுகிறது.

அதே ஆண்டில் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம் இன்டெல் 8086 செயலியைக் கொண்ட கணினியைச் செய்து வைத்திருந்தது. அதற்கான சிபி/எம் பதிப்பு வெளிவரத் தாமதமானதால், அங்குப் பணியாற்றிய டிம் பேட்டர்சன் தாமே ஓர் இயங்குதளம் எழுதினார். பழைய செயலிக்கு எழுதப்பட்ட நிரல்களைப் புதிய செயலிக்கு எந்திர முறையில் மாற்ற இயலுமாறு இன்டெல் 8086ஐ வடிவமைத்திருந்தது. அவ்வாறு மாற்றிய சிபி/எம் மென்பொருள்கள் தம் இயங்குதளத்தில் ஓடவேண்டும் என்பதற்காகப் பேட்டர்சன் சிபி/எம் கையேட்டைப் பார்த்து அதே பணி எண்களையும் அழைப்பு முறையையும் அமைத்தார். ஐந்தாம் முகவரியை அழைக்கும் வழக்கமும் அதில் இடம்பெற்றது. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறை மட்டும் சிபி/எம்மிலிருந்து வேறுபட்டது. மைக்ரோசாப்ட் இவ்வியங்குதளத்தை வாங்கி ஐபிஎம்முக்கு உரிமம் வழங்கியது. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தனியாள் கணினி அறிவிக்கப்பட்டது.

தம் படைப்பின் சாயலைக் கண்ட கில்டால் ஐபிஎம் மீது வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்தார். கணினி நிரல்களுக்குக் காப்புரிமை உண்டென அமெரிக்கச் சட்டம் வெளிப்படையாகத் திருத்தப்பட்டது 1980 இறுதியில்தான். நிரல் வரிகள் அப்படியே எடுக்கப்படாத நிலையில், அழைப்பு முறையின் ஒற்றுமையை மட்டும் வைத்து வெல்ல முடியுமா என்பது தெளிவாக இல்லை. முடிவில், சிபி/எம்மையும் தன் கணினியுடன் விற்பதாக ஐபிஎம் இசைந்தது. அதற்கு ஈடாகக் கில்டால் வழக்குரிமையைக் கைவிட்டார். 1982 இல் சிபி/எம்-86 கடைக்கு வந்தபோது அதன் விலை 240 டாலர், மைக்ரோசாப்ட் உரிமம் வழங்கிய டாஸின் விலை 40 டாலர். வாங்குவோர் எதைத் தேர்ந்தனர் என விளக்க வேண்டியதில்லை.

நகல் எடுக்கப்பட்டதா?

கில்டால் இதனைத் திருட்டாகவே கருதினார். 2004 இல் ஹெரால்டு எவன்ஸ் எழுதிய நூலொன்று அவர் தரப்பை எடுத்துரைத்தது. பேட்டர்சன் அதன்மீது அவதூறு வழக்குத் தொடர்ந்தார். 2007 இல் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2012 இல் பாப் சைட்மன் என்னும் மென்பொருள் ஆய்வாளர் நிரல்களை ஒப்பிட்டு, வரிகள் நகலெடுக்கப்பட்டதற்குச் சான்றில்லை என அறிவித்தார். கிடைக்கும் சான்றுகளின்படி பின்பற்றப்பட்டது இடைமுகமே, நிரல் அன்று.

இவ்வேறுபாடு நுட்பமானது, ஆனால் மிகப் பெரியது. ஐபிஎம் கணினியின் பயாஸை காம்பேக் நிறுவனம் இதே வழியில் புதிதாக எழுதியதால்தான் ஒத்தியங்கும் மலிவான கணினிகள் பெருகின. யுனிக்சின் நிரலைத் தொடாமல் அதன் இடைமுகத்தைப் பின்பற்றி எழுதப்பட்டவையே குனூ கருவிகளும் லினக்சு கருனியும். கில்டாலின் நிறுவனமும் இதற்கு விலக்கன்று. 1988 இல் அது வெளியிட்ட டிஆர் டாஸ், மைக்ரோசாப்டின் டாஸ் மென்பொருள்களை இயக்கும் பொருட்டு அதன் இடைமுகத்தைப் பின்பற்றியது. ஜாவா இடைமுகத்தைக் கூகுள் ஆண்ட்ராய்டில் பயன்படுத்தியது பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 இல் அதனை நியாயமான பயன்பாடு எனத் தீர்ப்பளித்தது. எனினும் இடைமுகத்திற்குக் காப்புரிமை உண்டா என்னும் அடிப்படைக் கேள்விக்கு அத்தீர்ப்பு விடை கூறவில்லை. கில்டால் 1981 இல் வழக்குத் தொடுத்து வென்றிருந்தால் மேற்கூறிய பலவும் எழுதப்படாமலே போயிருக்கக்கூடும். அவருடைய மனக்குறை நியாயமற்றது என்பது இதன் பொருளன்று. தொழில் முழுவதும் அவர் திறந்து வைத்த கதவின் வழியே நுழைந்த பின்னரும், அவருடைய பெயரைச் சொல்ல நெடுநாள் தயங்கியதே உண்மையான குறை.

தொலைக்காட்சிப் பணி

கலிபோர்னியாவில் தயாரிக்கப்பட்ட கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ் என்னும் வாராந்திர நிகழ்ச்சியில் ஸ்டூவர்ட் செய்ஃபெட்டுடன் 1983 முதல் 1990 வரை கில்டால் இணைத் தொகுப்பாளராக இருந்தார. அச்சுப்பொறி, மடிக்கணினி, விளையாட்டு, வட்டு எனக் கிழமைக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு, அவற்றை உருவாக்கியவர்களையே அரங்கிற்கு அழைத்துக் கருவியை இயக்கிக் காட்டச் செய்வது அந்நிகழ்ச்சியின் முறை. வாரத்தின் கணினிச் செய்திகளும் இறுதியில் வாசிக்கப்படும். அதே சந்தையில் தாமும் விற்பனை செய்யும் ஒருவர் போட்டியாளரின் பொருளைப் பற்றிக் கேள்வி கேட்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். கில்டாலோ கருவி உள்ளே எப்படி இயங்குகிறது என்பதையே ஓர் ஆசிரியரின் ஆர்வத்துடன் விசாரித்தார். இந்நிகழ்ச்சியின் பல பகுதிகள் இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. கில்டாலை நூல்கள் வழி மட்டும் அறிந்தவர்கள் அவற்றைக் காண்பது நன்று.

பிற ஆக்கங்கள்

டிஜிட்டல் ரிசர்ச் 1985 இல் ஜெம் என்னும் வரைகலை இடைமுகத்தை வெளியிட்டது. அது அட்டாரி எஸ்டி கணினிகளில் இடம்பெற்றது. தன் மேக்கின்டாஷின் சாயல் அதிலிருப்பதாக ஆப்பிள் எதிர்க்கவே, தனியாள் கணினிப் பதிப்பை மாற்றியமைக்க நேர்ந்தது. 1991 இல் டிஜிட்டல் ரிசர்ச்சை நாவெல் நிறுவனம் வாங்கியது.

கலைக்களஞ்சிய வாசகர்கள் அறிய வேண்டிய பணி ஒன்றுண்டு. கில்டால் தம் பொறியாளர் டாம் ரோலண்டருடன் தொடங்கிய மற்றொரு நிறுவனம், 1985 இல் குரோலியர் கலைக்களஞ்சியத்தைக் குறுவட்டில் வெளியிட்டது. கணினிகளில் பத்து மெகாபைட் வன்வட்டே பெரிதாக இருந்த காலத்தில், இருபது தொகுதிகளின் உரை முழுவதையும் சொல் தேடும் வசதியுடன் ஒரே வட்டில் தந்தது அது. அச்சுத் தாளிலிருந்து கலைக்களஞ்சியம் கணினிக்கு வந்த தொடக்கப் படிகளுள் இது ஒன்று.

இறுதிக் காலம்

1992 இல் வாசிங்டன் பல்கலைக்கழகம் தன் கணினி அறிவியல் துறையின் வெள்ளி விழாவிற்குக் கில்டாலை அழைத்தது. ஆனால் சிறப்புரை ஆற்றும் வாய்ப்பு, அங்குப் பயிலாதவரும் வேறு பல்கலைக்கழகத்தில் படிப்பை இடையில் விட்டவருமான பில் கேட்சுக்கு அளிக்கப்பட்டது. அத்துறையில் முனைவர் பட்டம் பெற்ற கில்டாலை இது மிகவும் புண்படுத்தியது. அதன்பின் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1993 இல் நண்பர்கள் சிலருக்கு மட்டும் வழங்கப்பட்டன. அதன் முற்பகுதியைக் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2016 இல் வெளியிட்டது. பிற்பகுதி, குடிப்பழக்கத்தால் அவர் தம் இயல்பிழந்திருந்த காலத்தைக் காட்டுவது எனக் கருதி அவருடைய பிள்ளைகள் அதை வெளியிடவில்லை.

1994 ஜூலை 8 அன்று மொன்டெரே நகரில் உணவகம் ஒன்றில் விழுந்து தலையில் அடிபட்ட கில்டால், மூன்று நாட்களுக்குப் பின் 52ஆம் வயதில் காலமானார். நிகழ்வின் சூழல் முழுமையாகத் தெளிவாகவில்லை. சியாட்டிலில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய கல்லறைக் கல்லில் நெகிழ்வட்டின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது.

மூலநிரல் வெளியீடு

நாவெல் 1996 இல் டிஜிட்டல் ரிசர்ச்சின் சொத்துகளைக் கால்டெரா என்னும் லினக்சு நிறுவனத்திற்கு விற்றது. கால்டெரா உடனே மைக்ரோசாப்ட் மீது போட்டித் தடுப்பு வழக்குத் தொடர்ந்தது. விண்டோஸ் 3.1 சோதனைப் பதிப்பில், அடியில் இயங்குவது மைக்ரோசாப்டின் டாஸ் அல்லாவிடில் பிழைச் செய்தி காட்டும் மறைநிரல் ஒன்று இருந்தது அவ்வழக்கில் முதன்மைச் சான்றானது. 2000 இல் வழக்குச் சமரசமாக முடிந்தது. மைக்ரோசாப்ட் 28 கோடி டாலர் கொடுத்தது என்பது 2009 இல் வெளிவந்தது.

ஜெம் இடைமுகத்தின் மூலநிரலைக் கால்டெரா 1999 இல் குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டது. சிபி/எம்மின் நிலை இவ்வளவு எளிதாக இல்லை. ஆர்வலர் தளம் ஒன்றின் வழியாக அதைப் பகிர 1997 இலும் 2001 இலும் அனுமதி கிடைத்தது. அவ்வனுமதி அத்தளத்திற்கு மட்டும் உரியதா, அனைவருக்குமா என்னும் ஐயம் நெடுங்காலம் நீடித்தது. 2014 இல், சிபி/எம் பிறந்து நாற்பதாண்டு நிறைவை ஒட்டி, கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதன் தொடக்ககாலப் பதிப்புகள் சிலவற்றின் மூலநிரலை வெளியிட்டது. அவ்வாண்டே டிஜிட்டல் ரிசர்ச் இயங்கிய பசிபிக் குரோவ் கட்டடத்தின் முன் மின், மின்னணுப் பொறியாளர்கள் கழகம் நினைவுப் பலகை பதித்தது. 2022 ஜூலையில் உரிமையாளரான பிரையன் ஸ்பார்க்ஸ், சிபி/எம்மையும் அதன் வழித்தோன்றல்களையும் எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என எழுத்து மூலம் தெளிவுபடுத்தினார்.